பிடியாணை வளர்ந்த வரலாறு

ஒரு மனிதனைப் பிடித்து நிறுத்தும் வல்லமை ஒரு தாளுக்கு உண்டென்றால், அத்தாளில் எழுதியிருக்க வேண்டுவது யாது? அதில் கையொப்பமிடத் தக்கவர் யார்? அதைக் காணும் உரிமை எவருக்கு உண்டு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடிய வரலாறே, வாரண்டு என மக்கள் வழங்கும் பிடியாணையின் வரலாறாகும்.

முதல் வினா இங்கிலாந்தில் பெரும் பூசலாக எழுந்தது. 1763-ஆம் ஆண்டு 'நார்த் பிரிட்டன்' என்னும் இதழின் 45-ஆம் எண், மன்னரின் பாராளுமன்ற உரையைக் கடுமையாகக் கண்டித்தது. அமைச்சர் ஹாலிபாக்ஸ் பிரபு, அவ்விதழை எழுதியோரையும் அச்சிட்டோரையும் வெளியிட்டோரையும் பிடித்துவரும்படி ஆணையிட்டார். அவ்வாணையில் ஒருவர் பெயரேனும் இல்லை. ஐயத்திற்குரியவர் எனத் தோன்றிய எவரையும் பிடிக்கலாம் என்றாயிற்று. ஏறத்தாழ 50 பேர் பிடிபட்டனர். பாராளுமன்ற உறுப்பினர் ஜான் வில்க்ஸ் அவர்களுள் ஒருவர். அவரும் அச்சுத் தொழிலாளரும் வழக்காடி இழப்பீடு பெற்றனர். பெயர் குறியாத பொது ஆணை சட்டத்திற்கு ஒவ்வாதது என்பது நிலைபெற்றது. 1765-இல் எண்டிக் என்பாரின் வழக்கில், அரசின் தேவை என்று கூறிவிடுவதனாலேயே இல்லாத அதிகாரம் உண்டாகிவிடாது என்று காம்டன் பிரபு தீர்ப்பளித்தார்.

நம் நாட்டிலோ பிடியாணை இரு வேறு வழிகளில் வளர்ந்தது. ஒன்று நீதிமன்றத்தின் வழி. 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, 1872, 1882, 1898 ஆகிய ஆண்டுகளில் திருத்தி அமைக்கப்பட்டது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம், பிடியாணை எழுத்தில் இருக்க வேண்டும், நீதிபதியின் கையொப்பமும் நீதிமன்றத்தின் முத்திரையும் பெற்றிருக்க வேண்டும் என வரையறுத்தது. பிடிக்கும் அதிகாரி அதன் சாரத்தைக் கூற வேண்டும். கேட்டால் ஆணையையே காட்ட வேண்டும்.

மற்றொன்று அரசாங்கத்தின் வழி. வங்காளத்து 1818-ஆம் ஆண்டின் மூன்றாம் ரெகுலேஷன், கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபை முடிவு செய்தால் ஒருவரை விசாரணையின்றிச் சிறைவைக்க இடந்தந்தது. சென்னை மாகாணத்திற்கு 1819-இல் இதே வகையான ரெகுலேஷன் ஒன்று வந்தது. இவ்வாணையில் கையொப்பமிடுபவர் நீதிபதியல்லர், அரசாங்கச் செயலாளர். குற்றம் இன்னதென்று அதில் குறிக்க வேண்டுவதில்லை. தக்க காரணங்கள் உண்டு என்பதே போதும். 1907-ஆம் ஆண்டு மே மாதத்தில் லாலா லஜபதி ராயும் அஜீத் சிங்கும் இந்த ரெகுலேஷனின்படியே பிடிக்கப்பட்டு, பர்மாவிலுள்ள மாண்டலேக்குக் கொண்டு செல்லப்பட்டனர். குற்றச்சாட்டும் இல்லை, வழக்கும் இல்லை. நவம்பரில் விடுதலை செய்யப்பட்ட போதும் அவர்கள் குற்றவாளிகளா அல்லரா என்பதை எந்த நீதிமன்றமும் கூறவில்லை. தாளில் குற்றம் எழுதப்படாதபோது அதை மறுத்துரைக்க வழியேது? லஜபதி ராயின் வழக்கு நமக்குக் காட்டும் உண்மை இதுவே.

இவ்வனுபவத்தை நன்கறிந்தவர்களே நம் அரசியலமைப்பை வகுத்தனர். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள அதன் 22-ஆம் பிரிவு, கைதானவருக்குக் காரணம் அறிவிக்கப்பட வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்டிரேட்டு முன் நிறுத்தப்பட வேண்டும் என்கிறது. ஆயினும் தடுப்புக் காவலுக்கு அதே பிரிவு இடம் வைத்துள்ளதையும் மறைத்தற்கில்லை. ஆகவே இரு வழிகளுள் பழையது முற்றும் மூடப்படவில்லை. சில வேலிகள் இடப்பட்டுள்ளன.

1973-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பிடியாணையின் இலக்கணம் பெரிதும் மாறவில்லை. ஜாமீனுக்கு இடந்தரும் ஆணையில், எத்தனை பேர் பிணை நிற்க வேண்டும், எவ்வளவு தொகைக்கு, எந்நாள் ஆஜராக வேண்டும் என்பன எழுதப்பட்டிருக்கும். முதலில் சம்மன், பின்னர் ஜாமீனுக்குரிய ஆணை, அதற்கும் பயனில்லையேல் ஜாமீனில் விடா ஆணை என்பதே பொதுவாகக் கொள்ளத்தக்க முறை என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் அறிவுறுத்தியது.

இங்கு ஒன்றைக் கருத்தில் இருத்துக. பிடியாணை நாட்பட்டுத் தானே காலாவதியாவதன்று. நிறைவேற்றப்படும் வரை, அல்லது பிறப்பித்த நீதிமன்றமே நீக்கும் வரை, அது உயிருடன் இருக்கும். மறந்துபோன வாய்தா ஒன்று பல்லாண்டு கழித்துக் கதவைத் தட்டலாம். ஐயமுள்ளவர் செய்யத் தக்கது, வழக்கு எண்ணைக் கொண்டு உரிய நீதிமன்றத்தின் பதிவேட்டைப் பார்ப்பதாகும். இன்று மாவட்ட நீதிமன்றங்களின் வழக்கு விவரங்களை இ-கோர்ட்டு வலைத்தளத்தில் வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், அல்லது 16 எழுத்தும் இலக்கமும் கொண்ட சி.என்.ஆர். எண் வாயிலாகத் தேடலாம். அங்கே குறிப்பு இல்லை என்பதனால் ஆணையே இல்லை எனத் துணிதல் கூடாது. வழக்கறிஞர் மூலம் கட்டைப் பார்வையிட்டு, சான்றிட்ட நகல் பெறுவதே உறுதி. ஆணை இருப்பின், அதைப் பிறப்பித்த நீதிமன்றத்திலேயே அதை நீக்கக் கோரி மனுச் செய்யலாம்.

தொலைபேசித் திரையில் முத்திரையிட்ட தாளொன்றைக் காட்டி, 'நீர் கைதாகியுள்ளீர், பணம் அனுப்புக' என மிரட்டும் வஞ்சகர் இக்காலத்தில் பெருகியுள்ளனர். திரையின் வாயிலாகக் கைது செய்யும் முறை நம் சட்டத்தில் இல்லை. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, யாருடைய கையொப்பம் என்று கேட்டறிந்து, அந்நீதிமன்றத்திலேயே சரிபார்ப்பவரை அவர்கள் எளிதில் ஏமாற்ற இயலாது. அவ்வாறு கேட்பது அடங்காமையன்று; இரண்டரை நூற்றாண்டுகளாகப் பலர் வழக்காடியும் சிறையிருந்தும் நமக்கு ஈட்டித் தந்த உரிமையாகும்.