குத்துவாளின் இடத்தில் ரிவால்வர்: டார்ம்ஸ்டாட் மான் வேட்டையின் ஆயுதங்கள்

டார்ம்ஸ்டாட்டைச் சுற்றியுள்ள காடுகளின் மான் வேட்டைக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் ரிவால்வர் மிகப் பிந்தி நுழைந்தது. நுழைந்தபோதும் ரைபிளின் இடத்தைப் பிடிக்கவில்லை. வேட்டைக்காரரின் இடுப்பில் தொங்கிய குத்துவாளின் இடத்துக்கே வந்தது. மானை வீழ்த்த ஓர் ஆயுதம், வீழ்ந்த மானின் வேதனையை முடிக்க வேறோர் ஆயுதம் என்ற பிரிவினை அரண்மனை வேட்டைக் காலத்திலேயே இருந்தது. இன்றைய ஜெர்மன் வேட்டைச் சட்டத்திலும் இருக்கிறது. மான் வேட்டைக்கு எந்த ரிவால்வர் ஏற்றது என்ற கேள்விக்கு அங்கே கிடைக்கும் விடை இந்தப் பிரிவினையிலிருந்து பிறந்ததுதான்.

1567இல் ஹெஸ்ஸன் நாட்டின் ஆட்சியாளர் பிலிப் இறந்தபோது நாடு அவருடைய மகன்களுக்குள் பங்கிடப்பட்டது. டார்ம்ஸ்டாட் பகுதி இளைய மகன் முதலாம் கியோர்க்குக்குக் கிடைத்தது. சிறிய நாடு, பெரிய வருவாய் இல்லை, ஆனால் காடு நிறைய இருந்தது. நகரின் வடகிழக்கே கிரானிக்ஸ்டைன் என்னுமிடத்தில் 1578இல் அவர் ஒரு வேட்டை மாளிகையைக் கட்டத் தொடங்கினார். மூன்று பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றத்துடன் அமைந்த அந்த மாளிகை இன்றும் நிற்கிறது. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் இந்த அரச குடும்பத்தின் வேட்டை அங்கிருந்தே பெரிதும் நடந்தது.

தொடக்கத்தில் வழக்கிலிருந்தது சூழ்ந்தடைக்கும் வேட்டை. காட்டின் ஒரு பகுதியைச் சுற்றி உயரமான துணித் திரைகளையும் வலைகளையும் கட்டுவார்கள். குடியானவர்கள் வரிசையாக நின்று சத்தமிட்டு மான்களையும் காட்டுப்பன்றிகளையும் உள்ளே விரட்டுவார்கள். விலங்குகள் தப்ப வழியின்றித் திரண்ட பிறகு, மறைவிடத்தில் அமர்ந்திருக்கும் அரசரும் விருந்தினரும் அருகிலிருந்தே சுடுவார்கள். அதற்குப் பயன்பட்டவை சக்கரப் பொறித் துப்பாக்கிகள். விசையை இழுத்தால் எஃகுச் சக்கரம் சுழன்று, கனிமக் கல்லில் உரசித் தீப்பொறி பறக்கும். அந்தப் பொறி வெடிமருந்தைப் பற்றவைக்கும். கடிகாரத்துக்குரிய நுட்பம் தேவைப்பட்டதால் விலை மிகுந்த ஆயுதம் அது. குழலின் உட்புறம் திருகுபோல வரிப்பள்ளம் வெட்டிய துப்பாக்கிகளும் ஜெர்மன் வேட்டையில் வெகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டன. அந்த வரிப்பள்ளம் குண்டைச் சுழலவிட்டு நேராகச் செலுத்தும். போர்வீரர் பெரும்பாலும் வழவழப்பான குழலோடு போரிட்டுக்கொண்டிருந்த நாளில் வேட்டைக்காரர் கையில் குறி தவறாத ரைபிள் இருந்தது.

எர்ன்ஸ்ட் லுட்விக் 1678 முதல் 1739 வரை ஆண்டவர். அவர் பிரெஞ்சு அரசவை வழக்கத்தைப் பின்பற்றி பார்ஃபோர்ஸ் வேட்டையை டார்ம்ஸ்டாட்டுக்குக் கொண்டுவந்தார். இது முற்றிலும் வேறு வகை. கொம்பு வளர்ந்த ஓர் ஆண்மானை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் மோப்பத்தைப் பிடித்த நாய்க் கூட்டத்தை அவிழ்த்துவிடுவார்கள். குதிரைவீரர்கள் பின்தொடர்வார்கள். ஊதுகொம்பின் ஒலியைக் கேட்டே மான் எத்திசையில் ஓடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மணிக்கணக்கில் ஓடிய மான் இறுதியில் களைத்து நின்று நாய்களை எதிர்க்கும். குதிரைகள் தடையின்றிப் பாய வேண்டும் என்பதற்காகக் காட்டை ஊடறுத்து நேர்கோட்டுப் பாதைகள் வெட்டப்பட்டன. வேட்டைக்குழு தங்கவென்று புதிய மாளிகைகள் எழுந்தன; வொல்ஃப்ஸ்கார்ட்டன் மாளிகை 1720களில் கட்டப்பட்டது.

குத்துவாளுக்கு முதன்மை கிடைத்தது இந்த வேட்டையில்தான். அதன் பெயர் ஹிர்ஷ்ஃபெங்கர். ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள நேரான அலகு. கைப்பிடி பெரும்பாலும் மான்கொம்பால் ஆனது. களைத்து நிற்கும் மானின் கொம்பு வீச்சு உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே முதலில் ஒருவர் பின்புறமாக நெருங்கிப் பின்னங்கால் தசைநாணை அறுப்பார். பிறகு அரசரோ அவர் சொன்னவரோ வாளை மானின் நெஞ்சில் பாய்ச்சுவார். மானின் முன்னங்கால் ஒன்றை அறுத்து மதிப்புக்குரிய விருந்தினருக்கு வழங்குவதும், குடலை நாய்களுக்குப் பங்கிடுவதும் சடங்கின் பகுதி. வேட்டையின் முழு மதிப்பும் அந்த ஒரு குத்தில் அடங்கியிருந்தது. ஆனால் வாளின் வேலை மானைப் பிடிப்பது அன்று. அதற்குள் நாய்களும் குதிரைகளும் மானைத் தோற்கடித்துவிட்டிருக்கும். முடிந்துபோன ஓர் உயிரின் கடைசி நொடிக்கு மட்டுமே வாள்.

எர்ன்ஸ்ட் லுட்விக்கின் மகன் எட்டாம் லுட்விக், 1739 முதல் 1768 வரை ஆண்டவர், தந்தையையும் விஞ்சிய வேட்டைப் பித்தர். வெண்ணிற ஆண்மான்கள் பூட்டிய வண்டியில் அவர் செல்வதாகச் சித்திரிக்கும் ஓவியமும் உண்டு. பெரிய கொம்புள்ள மான்களையும் அவை விழுந்த களங்களையும் வரைவதற்கென்றே அரண்மனையில் கியோர்க் ஆடம் ஏகர் போன்ற ஓவியர்கள் இருந்தார்கள். அந்தப் படங்கள் அக்கால உடைக்கும் நாய்களுக்கும் ஆயுதங்களுக்கும் இன்று நமக்குக் கிடைக்கும் நேரடிச் சான்று.

அந்தப் படங்களில் குடியானவருக்கு இடமில்லை. வேட்டையின் சுமை முழுவதும் அவர்கள் தலையில்தான் விழுந்தது. மான் விரட்டக் கூலியின்றிப் போக வேண்டும். திரைகளைச் சுமக்க வேண்டும். இரவில் வயலுக்கு வரும் மான்களையும் பன்றிகளையும் சத்தமிட்டுத் துரத்தலாமே தவிரக் கொல்லக் கூடாது. விளைந்த பயிர் குதிரைக் குளம்படியில் நாசமாவதைப் பார்த்து நிற்க வேண்டும். சொந்த நிலத்தில் மேயும் மானைச் சுட்டால் அது திருட்டு, தண்டனை கடுமையானது. ஒரு குடும்பத்தின் பொழுதுபோக்குக்காக ஒரு நாட்டின் விளைச்சலைப் பலியிட்ட இந்த ஏற்பாட்டைக் கலைச்சுவையின் பெயரால் மன்னிக்க முடியாது. அக்காலத்திலேயே கண்டனங்கள் எழுந்தன. நாயாலும் குதிரையாலும் துரத்தப்பட்ட மான் ஒன்று தன்னைத் துரத்திய அரசருக்கு எழுதும் கடிதமாக மத்தியாஸ் கிளவுடியஸ் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இந்தக் கிளவுடியஸ் 1776இல் அரசுப் பணிக்காக டார்ம்ஸ்டாட்டுக்கு வந்து அடுத்த ஆண்டே திரும்பியவர்.

எட்டாம் லுட்விக் 1768இல் இறந்ததும் பார்ஃபோர்ஸ் வேட்டையும் முடிந்தது. அடுத்து வந்த ஒன்பதாம் லுட்விக்குக்குப் படையணிவகுப்பில்தான் நாட்டம். கடனில் மூழ்கிய கருவூலமும் இடம் தரவில்லை. பிறர் நிலத்தில் வேட்டையாடும் மேட்டுக்குடியினரின் உரிமையை 1848 புரட்சி தகர்த்தது. அதன்பின் வேட்டை உரிமை நிலவுடைமையோடு இணைந்தது. அரசருக்கு மட்டுமே உரியதாக இருந்த மான் வேட்டை, நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் நகரவாசிகளின் கைக்கும் மெல்ல வந்தது. நாய்க் கூட்டம் இல்லை, குதிரை இல்லை. தனியாகக் காத்திருந்து, தொலைவிலிருந்து ஒரே குண்டில் வீழ்த்துவது முறையாயிற்று.

துப்பாக்கித் தொழில்நுட்பமும் அதே நூற்றாண்டில் மாறியது. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் தம் ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத் தோட்டா வந்த பிறகு ரிவால்வர் உலகெங்கும் பரவியது. ஆனால் அமெரிக்காவும் ஜெர்மனியும் அதற்கு வெவ்வேறு வேலைகளைக் கொடுத்தன. அமெரிக்காவில் 1935இல் 357 மேக்னம், 1955இல் 44 மேக்னம் என்று தோட்டாக்களின் வலிமை ஏறியது; ரிவால்வரைக் கொண்டே மானை வேட்டையாடுவது அங்கே பல மாநிலங்களில் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒரு தனிப் பிரிவாக வளர்ந்தது. ஜெர்மன் வேட்டைக்காரர் இடுப்பில் ரிவால்வர் ஏறியது, கனமான ஹிர்ஷ்ஃபெங்கர் சீருடை அலங்காரமாகச் சுருங்கிப்போனதால்.

இந்த வழக்கத்தைச் சட்டம் எண்களால் வரையறுத்திருக்கிறது. இன்று நடப்பிலுள்ள ஜெர்மன் கூட்டாட்சி வேட்டைச் சட்டம் முதலில் 1952இல் இயற்றப்பட்டது. அதன் 19ஆம் பிரிவின்படி, சிறிய இனமான ரோ மானைச் சுடும் தோட்டாவுக்கு 100 மீட்டர் தொலைவில் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். சிவப்பு மான், டாம் மான், காட்டுப்பன்றி போன்றவற்றுக்குக் குண்டின் விட்டம் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 100 மீட்டரில் 2,000 ஜூல் வேண்டும். ரிவால்வராலும் பிஸ்டலாலும் காட்டு விலங்கைச் சுடுவதையே சட்டம் தடுக்கிறது. விலக்குகள் மிகச் சில: வளைக்குள் இருக்கும் விலங்கு, பொறியில் அகப்பட்ட விலங்கு, காயமுற்ற விலங்குக்கு வேதனையை முடிக்கச் சுடும் கடைசிக் குண்டு. அந்தக் கடைசிக் குண்டுக்குக் குழல்வாயில் குறைந்தது 200 ஜூல் ஆற்றல் தேவை.

இந்த எண்களுக்குப் பின்னால் தெளிவான காரணம் இருக்கிறது. 44 மேக்னம் குண்டு குழலைவிட்டு வெளிவரும்போதே பொதுவாக 1,200 முதல் 1,600 ஜூல் ஆற்றல்தான் கொண்டிருக்கும். 100 மீட்டரில் 2,000 ஜூல் என்ற வரம்பை அது எட்டவே முடியாது. தோளில் ஊன்றிச் சுடும் ரைபிளின் நிதானமும் கைத்துப்பாக்கிக்கு இல்லை. சிறிய கை நடுக்கமே குண்டை நெஞ்சிலிருந்து வயிற்றுக்குத் தள்ளிவிடும். வயிற்றில் குண்டு பட்ட மான் பல மணி நேரம் ஓடிச் சாகும். அப்படி நேர்ந்தால் மோப்ப நாயோடு தேடிக் கண்டுபிடித்து வேதனையை முடிப்பது வேட்டைக்காரரின் கடமை.

கைத்துப்பாக்கியின் பயன் அப்போதுதான் தெரியும். அடர்ந்த புதருக்குள் நீண்ட ரைபிளைத் திருப்ப முடியாது. பக்கத்தில் நாய் நிற்கும். சாலையில் கார் மோதி முதுகு ஒடிந்து கிடக்கும் ரோ மானுக்கும் இதே கதை: இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் ரைபிளின் வலிய குண்டு உடலைத் துளைத்து, தார்ச்சாலையில் பட்டுத் தெறித்து அருகில் இருப்பவரைத் தாக்கக்கூடும்.

ஆகவே அங்கே ரிவால்வரைத் தேர்பவர் தொலைவையும் குறியையும் முதலில் பார்ப்பதில்லை. 22 லாங் ரைஃபிள் தோட்டா 200 ஜூலை எட்டாததால் விலக்கப்படுகிறது. 38 ஸ்பெஷல் சுமார் 250 ஜூலுக்கு மேல் தருவதால் போதுமானது. 357 மேக்னம் அதைவிட இரு மடங்குக்கு மேல் வலியது. காட்டுப்பன்றி நிறைந்த இடங்களில் அதை விரும்புகிறார்கள், ஆனால் ஓசையும் அதிர்வும் அதிகம். கையுறையோடு எடுக்க எளிதாயிருப்பது, மழையிலும் சேற்றிலும் தவறாமல் சுடுவது, குட்டையான குழல் ஆகியவை கூடுதல் தகுதிகள். மான் வேட்டைக்கு 44 மேக்னம் வாங்கத் துடிப்பவருக்கு டார்ம்ஸ்டாட் காட்டில் வேலை இல்லை.

தேர்வு எழுதி வேட்டை உரிமம் பெற்றவர், தனியாகத் தேவையை நிரூபிக்காமல் இரண்டு கைத்துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ள ஜெர்மன் ஆயுதச் சட்டம் இடமளிக்கிறது. கிரானிக்ஸ்டைன் மாளிகை இன்று வேட்டை அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே பழைய வேட்டை ஆயுதங்களையும் அரண்மனை ஓவியங்களையும் காணலாம்.