கீழே விழுந்த சீட்டு

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கெழுதிய என் தாய்மாமா ரம்மி ஆடுவார், மங்காத்தா ஆடமாட்டார். மழை பிடித்துவிட்டால் மலையில் வேறென்ன வேலை? சேர்வராயன் கோயில் பக்கமிருந்து மேகம் இறங்கி வாசலை மூடும். திண்ணையில் சீட்டுக்கட்டு வந்துவிடும். தோட்டத்து லைன் வீடுகளுக்குப் பின்னால் உள்ளே-வெளியே நடக்கும். அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். "அதுல நமக்கு என்ன வேலை மாப்ளே? உள்ள விழுகுதா வெளிய விழுகுதான்னு வாயப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். அதுக்கு நான் எதுக்கு?"

பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு இரண்டு கட்டு. ஜோக்கரை விட்டால், ஒவ்வொரு சீட்டும் இரண்டே முறைதான் உண்டு. மாமா கீழே விழுவதையெல்லாம் மனசில் எழுதிக்கொண்டே வருவார். "ஆட்டின் ஏழு ரெண்டும் போயிருச்சு. நீ ஆறையும் எட்டையும் வச்சுக்கிட்டு யாருக்குடா காத்திருக்க?" என்று கேட்கும்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் சரியாக இருக்கும்.

பல வருடம் கழித்து பிளாக்ஜாக் பற்றிப் படித்தபோது மாமாதான் நினைவுக்கு வந்தார். எட்வர்ட் தார்ப் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் 1962இல் எழுதிய 'பீட் தி டீலர்' சொன்னதும் இதுதான்: போன சீட்டை நினைவில் வைத்தால் மீதியில் இருப்பதை ஊகிக்கலாம். இன்று பரவலாக உள்ள ஹை-லோ முறையில் இரண்டு முதல் ஆறு வரை போனால் ஒன்று கூட்டு. பத்து, படச்சீட்டு, ஏஸ் போனால் ஒன்று கழி. எண் ஏற ஏற, கட்டில் பெரிய சீட்டுகள் மிச்சம் என்று அர்த்தம். அப்போது பந்தயத்தை உயர்த்தலாம்.

ஆனால் எந்த மேஜையில் உட்காருவது என்பதுதான் முதல் கணக்கு. குறைந்த கட்டுகள் வேண்டும். கலைப்பதற்கு முன் பெரும்பகுதி சீட்டு வெளியே வரவேண்டும். பிளாக்ஜாக் விழுந்தால் ஆயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு தரவேண்டும். ஆயிரத்து இருநூறுதான் என்றால் அந்த ஒரு விதியே சூதாட்ட விடுதியின் ஆதாயத்தை ஏறக்குறைய 1.4 சதவீதம் ஏற்றிவிடும், எழுந்து வந்துவிடலாம். ஆடிய சீட்டை உடனுக்குடன் விழுங்கி ஓயாமல் கலைக்கும் இயந்திரம் இருக்கிற மேஜையில் எண்ணிப் பயனே இல்லை. அங்கே ஆட்டத்துக்கு நேற்று என்பதே கிடையாது. அது நம்ம மங்காத்தாதான், கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் கேசினோ கிடையாது. கோவாவுக்கோ சிக்கிமுக்கோ போகவேண்டும். ஆனால் இதே கேள்வி நம் நாட்டில் நீதிமன்றம் ஏறியது. செகந்தராபாத் கிரசென்ட் ரிக்ரியேஷன் கிளப் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா. மூன்று சீட்டு ஆட்டம் வெறும் அதிர்ஷ்டம். ரம்மி அப்படியல்ல, விழும் சீட்டுகளை நினைவில் வைக்கவேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கீழே போடுவது என்பதில் திறமை வேண்டும் என்றார். மாமா அந்தத் தீர்ப்பைப் படித்தவரல்ல. கிளப்பே பந்தயத்தில் லாபம் பார்த்தால் கதை வேறு என்றும் தீர்ப்பில் ஒரு வரி உண்டு. மேற்கோள் காட்டுகிறவர்கள் வசதியாக விட்டுவிடுகிற வரி அது.

செல்போனில் ரம்மி வந்தபிறகு அந்த வரிக்குத்தான் வேலை வந்தது என்பது என் எண்ணம். தற்கொலைகள் நடந்தன. தமிழக அரசு 2021இல் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022இல் நீதிபதி சந்துரு குழு அமைந்தது. 2023இல் புதிய சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. 1967இன் ஞாபகசக்தி இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் ஒரேயடியாகத் தடுத்தது.

அதற்கு முன்பே, பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன் பைக்கை விற்று ரம்மி ஆடியது தெரிந்து, மாமா அவன் போனை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆடவும் ஆடினார், காசில்லாத ஆட்டம். விழுந்த சீட்டையெல்லாம் சரியாகவே சொன்னார், ஜெயிக்கவும் செய்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனிடம் கேட்டார்:

"இதுல சீட்டைக் கலைக்கிறது யாருடா தம்பி?"

பையன் பதில் சொல்லவில்லை. மாமா உள்ளே போய்த் தன் கட்டை எடுத்துவந்து, வெட்டச்சொல்லி அவன் முன்னால் வைத்தார்.