சிறுவர் வாசிப்பும் வாசிப்பின்பமும்: ஈழத்துத் தமிழ்ச் சூழலில் ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

“இக்காலச் சிறுவர் நூல்களை வாசிப்பதில்லை” என்ற முறைப்பாட்டைப் பெற்றோர், ஆசிரியர், எழுத்தாளர் என்ற வேறுபாடின்றி யாவரும் கூறக் கேட்கின்றோம். முன்னொரு காலத்திற் சிறுவர் நூல்களை விரும்பி வாசித்தனர் என்றும், திரைப்படமும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அவ்விருப்பத்தை அழித்துவிட்டன என்றும் இம்முறைப்பாடு கருதுகின்றது. எனவே, பிள்ளைகளுக்கு அறிவுரை கூறி அவர்களை மீண்டும் நூல்களின்பாற் செலுத்திவிடலாம் என்று அது நம்புகின்றது.

இக்கருத்து வரலாற்றுணர்வு அற்றது. சிறுவர் விரும்பி வாசித்ததாகக் கூறப்படும் அந்தப் பொற்காலம் எவருடைய பிள்ளைகளுக்கு வாய்த்திருந்தது என்ற வினாவை அது எழுப்புவதில்லை. வாசிப்பின்பம் பிள்ளையின் இயல்பூக்கமோ பெற்றோரின் நற்பண்போ மட்டுமன்று. எழுத்தை அணுகுவதற்கான உரிமை, வாசிப்பதற்கான ஓய்வு, வாசிப்போனின் வாழ்வோடு தொடர்புடைய நூல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமையுமிடத்தே அது தோன்றுகின்றது. இம்மூன்றும் சமூகத்தினால் வழங்கப்படுவன, சமூகத்தினால் மறுக்கப்படுவன. ஈழத்துத் தமிழ்ச் சிறுவரின் வாசிப்பு வரலாற்றை, சிறப்பாக யாழ்ப்பாணத்துச் சான்றுகளைக் கொண்டு, இக்கண்ணோட்டத்தில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

அச்சியந்திரம் பரவுவதற்கு முன்னர் எழுத்தறிவு திண்ணைப் பள்ளிகள் வாயிலாகவே வழங்கப்பட்டது. பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகிற்று. பின்னர் ஏட்டுக்கு வந்தது. அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி, நிகண்டு என்பன ஒன்றன்பின் ஒன்றாக மனனஞ் செய்யப்பட்டன. ஓலைச்சுவடிகள் அருகியும் அரியனவாயும் இருந்த சமுதாயத்தில், நினைவே நூலகமாக விளங்கிற்று. ஆதலின் மனனமுறையை வெறும் மூடத்தனமென ஒதுக்குதல் பொருந்தாது. அஃது அக்கால உற்பத்தி நிலைக்கு இயைந்த கல்விமுறையாகும்.

ஆயினும், இம்முறையில் வாசிப்பு என்பது ஏலவே செவிவழி அறிந்ததை ஏட்டிற் காண்பதாகவே அமைந்தது. அறியாத ஒன்றைத் தானே தனித்திருந்து வாசித்துக் கண்டடையும் அனுபவம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இன்பம் வேறிடத்தில் இருந்தது. கோயில்களிற் புராணபடனம் நிகழும்போது ஒருவர் பாடலை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்வார். பாட்டியின் மடியிற் கதையுண்டு. கூத்துக் களரியிலே பாட்டுண்டு. ஆனால் புராணபடனம் நிகழ்ந்த மண்டபத்துள் யார் அமரலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது. ‘கந்தபுராணக் கலாசாரம்’ என்று போற்றப்படும் மரபின் எல்லை, கோயில் வாசலோடு முடிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மிசனரிமார் கிராமங்கள்தோறும் பாடசாலைகளை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இலும் தொடங்கின. 1841இல் ‘உதயதாரகை’ வெளிவரலாயிற்று. அச்சிட்ட நூல் முதன்முறையாகச் சாதாரண பிள்ளையொன்றின் கையிற் சேரத்தக்க பொருளாயிற்று. பெண்பிள்ளையின் கையிலும் சேர்ந்தது. இது பெரியதொரு மாற்றமாகும். எனினும், அந்நூல் வினாவிடைப் போதமாகவோ வேதாகமப் பகுதியாகவோ துண்டுப் பிரசுரமாகவோ இருந்தது. பிள்ளை வாசிக்கக் கற்பிக்கப்பட்டமை மதமாற்றத்தை நோக்கியேயாகும்.

இதற்கு எதிர்வினையாகவே ஆறுமுக நாவலரின் (1822–1879) கல்விப்பணி தோன்றிற்று. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், அச்சியந்திரமும் நிறுவிப் பாலபாடங்களை எழுதி வெளியிட்டார். எழுத்து, சொல், சிறுவாக்கியம், வசனம் எனப் படிமுறையாகப் பாடங்களை அமைத்தமையும், சந்தி பிரித்து நிறுத்தக்குறியிட்டு அச்சிட்டமையும் அவரது சாதனைகளாம். இவற்றை நடைநயம் பற்றிய செய்திகளாக மட்டும் நோக்குதல் போதாது. சந்தி பிரிக்கப்பட்டு நிறுத்தக்குறி இடப்பட்ட வசனத்தையே ஒரு பிள்ளை ஆசிரியரின் துணையின்றி, வாய்விடாது, தனித்திருந்து வாசித்தல் கூடும். தனிவாசிப்பு என்ற நவீன அனுபவத்திற்கான மொழித்தளத்தை இட்டவர்களுள் நாவலர் முதன்மையானவர் எனலாம்.

ஆனால் அத்தளத்தின்மீது அவர் எழுப்பிய கட்டடம் சமயமும் ஒழுக்கமும் பற்றியதாகும். நான்காம் பாலபாடத்தின் பொருளடக்கத்தை நோக்கின் கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு என விலக்கத்தக்கவை நிரல்படப் பேசப்படுதலைக் காணலாம். அவரது கல்வி முயற்சி சாதியமைப்பை வினாவுக்குட்படுத்தியதுமில்லை. மிசனரிமாரும் நாவலரும் ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் பிள்ளை எதற்காக வாசிக்கவேண்டும் என்பதில் அவர்கள் உடன்பட்டனர் என்பது முரணணியன்று, வரலாறு. இரு தரப்பினருக்கும் வாசிப்பு ஒரு கருவியாகவே இருந்தது.

4

நூல் அச்சாகிவிட்டதனால் மட்டும் அது எல்லோருக்கும் உரியதாகிவிடுவதில்லை. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் பாடசாலைகளிற் சேர்க்கப்படாதிருந்தனர். சேர்க்கப்பட்டவிடத்தும் வாங்குகளில் அன்றித் தரையிலேயே அமர்த்தப்பட்டனர். 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசும், அதுவே பின்னர் வளர்ந்து உருவான யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும் சாதிக்கொடுமையைக் கண்டித்தன. 1929–30ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என்ற அரசாணை நடைமுறைக்கு வந்தபோது, உயர்சாதியினரிற் சிலர் பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். வாங்கில் அமர்ந்து ஒரு பிள்ளை புத்தகத்தை விரிப்பதைக் காட்டிலும் கட்டடம் சாம்பலாவது மேல் என்று கருதிய சமூகம், நமது சமூகமே. வாசிப்பின்பம் பற்றிப் பேசுவோர் இவ்வுண்மையைக் கடந்து செல்லுதல் இயலாது.

பாடசாலை மறுத்தவர்களுக்கு வேறிடங்கள் வாசிப்புக் கூடங்களாயின. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையோ கதையோ உரக்க வாசிக்க, ஏனையோர் சுருட்டுச் சுற்றியவாறு கேட்பது வழக்கமாயிருந்தது. அங்கு எடுபிடி வேலைக்கு நின்ற சிறுவனும் கேட்டான். முடிதிருத்தும் நிலையங்களிலே சஞ்சிகைகள் கிடந்தன. பள்ளிப்படிப்பை இளமையிலேயே விட நேர்ந்த டொமினிக் ஜீவா (1927–2021) அத்தகைய நிலையமொன்றிலிருந்தே வாசகராகவும் எழுத்தாளராகவும் உருவாகி, 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். கிராமங்களிலே சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் தோன்றின. அங்கு பெரியவர் ஒருவர் பத்திரிகையை விரித்து வைத்திருக்க, அவரது தோளுக்கு மேலால் எழுத்துக்கூட்டிப் பார்த்த பிள்ளைகள் பலராவர். இவ்விடங்களில் எவரும் பிள்ளையிடம் வினாக் கேட்கவில்லை, புள்ளியிடவுமில்லை. வாசிப்பைக் கட்டாயமாக அன்றி, பெரியோர் விரும்பிச் செய்யும் செயலாகப் பிள்ளை கண்டது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தோற்றமும் இவ்வாறானதே. 1933இல் க. மு. செல்லப்பா என்பார் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் வழங்கத் தொடங்கினார்; மறுவருடம் வாடகை அறையொன்றில் 844 நூல்களுடன் நூலகம் திறக்கப்பட்டது. மக்கள் நிதியால் வளர்ந்து 1959இல் தனக்கெனக் கட்டடம் பெற்ற அந்நூலகம், 1967இற் சிறுவர் பகுதியையும் பெற்றது. நூல் வாங்க வசதியற்ற பிள்ளையும், பாடப்புத்தகமல்லாத ஒரு நூலைத் தானே அலுமாரியிலிருந்து தெரிந்தெடுக்கும் உரிமையை இங்கு பெற்றது. 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை அண்டி அந்நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அரிய ஏடுகளின் அழிவைப் பற்றியே நாம் பெரிதும் எழுதிவந்துள்ளோம். அவ்விரவில் சிறுவரின் அலுமாரிகளும் எரிந்தன என்பதை எழுதினோமல்லோம். பாடசாலையை எரித்த சாதிவெறியும் நூலகத்தை எரித்த இனவெறியும் வெவ்வேறு காலத்தன, வெவ்வேறு கரத்தன. ஆனால் வாசிக்கும் மனிதனைக் கண்டு அஞ்சியமை இரண்டிற்கும் பொதுவாகும்.

5

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம் வாசிப்போர் தொகையைப் பெருக்கிற்று. தாய்மொழிமூலக் கல்வி விரிவடைந்தது. கன்னங்கராவின் முயற்சியால் நாட்டின் பல பாகங்களிலும் 50க்கு மேற்பட்ட மத்திய கல்லூரிகள் எழுந்தன. வறிய கிராமத்துப் பிள்ளைகளை அவற்றிற்குத் தெரிவுசெய்வதற்கென்றே புலமைப்பரிசில் பரீட்சை ஏற்பட்டது.

ஆனால் உத்தியோகம் ஒன்றையே வாழ்வின் உறுதியாகக் கருதிய மத்தியதர வர்க்கம் அப்பரீட்சையைத் தனதாக்கிக்கொண்டது. எழுதுவினைஞர் பதவியை நோக்கிய ஆங்கிலக் கல்வியின் மனப்பாங்கு, மொழி மாறிய பின்னரும் மாறவில்லை. வறியோர்க்கு ஏணியாக அமைக்கப்பட்ட ஐந்தாந்தரப் பரீட்சை, இன்று பத்து வயதுப் பிள்ளையைத் தனியார் போதனா வகுப்புக்களுக்கு விரட்டுவதாக மாறியுள்ளது. வினாத்தாள் தொகுதிகள் விற்பனையாகும் அளவுக்குக் கதைநூல்கள் விற்பனையாவதில்லை என்று நூல் வணிகர் கூறுவதில் வியப்பில்லை. மதத்தின் பொருட்டு வாசித்த பிள்ளை, பரீட்சையின் பொருட்டு வாசிக்கலாயிற்று. பயன் மாறிற்று, பயன்வாதம் மாறவில்லை.

இலவசக் கல்வியின் ஒளி மலையகத் தோட்டங்களுக்குள் உரிய காலத்திற் புகவில்லை என்பதும் ஈண்டு சுட்டத்தக்கது. 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பை நிருவாகங்களிடம் விட்டது. ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் கொண்ட பாடசாலைகளே பெரும்பாலும் அதன் விளைவாயின. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டதன் பின்னரே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. கொழுந்து பறித்து மாலையில் மீளும் தாய், ஒற்றை அறை லயம், மங்கிய விளக்கு என்பவற்றிடையே வளரும் பிள்ளையை நோக்கி, “வாசிப்பில் நாட்டமில்லை” என்று குறைகூறுவது அறியாமை மட்டுமன்று, அநீதியுமாகும்.

6

இனி, நூல்களைப் பற்றிச் சிறிது நோக்குவோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) ‘ஆடிப்பிறப்பு’, ‘கத்தரி வெருளி’ முதலிய பாடல்களை ஈழத்துத் தமிழர் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்துள்ளனர். பாடசாலையிற் கற்ற நீதிப்பாடல்கள் பல மறந்துபோகவும் இவை மறவாதிருப்பதற்குக் காரணம் வெளிப்படை. ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் விடுமுறையும், தோட்டத்தில் நிற்கும் வெருளியும் பிள்ளையின் வாழ்வுக்குள் இருப்பவை. சைவப் பற்றாளராகிய அப்புலவர், பிள்ளைகளுக்குப் பாடியபோது போதகராக அன்றி விளையாட்டுத் தோழராக நின்றார்.

முற்போக்கு இலக்கியம் இத்துறையிற் செய்தது என்ன? 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் வழிவந்தோர் மண்வாசனைக்காகவும், மக்கள் பேச்சுவழக்கை இலக்கியத்துள் ஏற்பதற்காகவும் போராடினர். ‘இழிசனர் வழக்கு’ என்ற பழிப்பை எதிர்த்து வெற்றியும் கண்டனர். ஆனால் சிறுகதையிலும் நாவலிலும் வென்ற அவ்வுரிமையைப் பிள்ளைகளின் நூலுக்கு எடுத்துச்செல்ல அவர்கள் முனையவில்லை. சிறுவர் இலக்கியம் ஓய்வுபெற்ற ஆசிரியரின் பொழுதுபோக்காகவே கருதப்பட்டது. நாம் எழுதிய சிலவும் பழைய நீதிநூலில் இறைவனுக்குப் பதிலாக உழைப்பாளியை நிறுத்தியவையாகவே இருந்தன. பிள்ளை இரண்டையும் ஒரே சலிப்புடன் மூடிவைத்தது. கார்ல் மார்க்ஸ் தம் மகள் எலினருக்கு விளையாட்டுப் பொருட் கடைக்காரன் ஒருவனைப் பற்றிய முடிவற்ற மாயக் கதையைச் சொன்னார் என்பதும், ஹோமரையும் ஆயிரத்தொரு இரவுகளையும் வாசித்துக்காட்டினார் என்பதும் எலினரின் நினைவுக் குறிப்புக்களால் அறியப்படுவன. மார்க்சியரென நம்மைக் கூறிக்கொள்ளும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

சோவியத் பதிப்பகங்களின் தமிழ்ச் சிறுவர் நூல்கள் வண்ணப் படங்களுடன் மிகக் குறைந்த விலைக்கு இடதுசாரிப் புத்தகசாலைகளில் கிடைத்தன. வறிய வீடுகள் பலவற்றில் பிள்ளை தனதெனக் கொண்ட முதல் நூல் அவற்றுளொன்றாகவே இருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அவ்வழி அடைபட்டது. சந்தையின் விதிக்கு விடப்பட்ட சிறுவர் நூல், வசதிபடைத்தோரின் பொருளாகவே மாறும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அப்பியாசக் கொப்பியே அரும்பொருளாகிய வீட்டிற்குக் கதைநூல் எவ்வாறு வரும்?

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். சிறுவர் வாசிப்பு விரிந்த காலங்கள் அறிவுரை பெருகிய காலங்களல்ல. சம ஆசனம், இலவசக் கல்வி, வாசிகசாலை, நூலகம், மலிவு நூல் என்று மக்கள் போராடியும் கூடியுழைத்தும் பெற்றவையே ஒவ்வொரு முறையும் புதிய வாசகர் கூட்டத்தை உருவாக்கின.

எனவே, பிள்ளைகள் விரும்பி வாசிக்கவேண்டும் எனக் கருதுவோர் செய்யத்தக்கன தெளிவானவை. ஒவ்வொரு தோட்டத்திலும் கிராமத்திலும் சிறுவர்க்கான நூலகப் பகுதி ஒன்றைக் கோருதல் வேண்டும். ஐந்தாந்தரப் பரீட்சையின் பிடியைத் தளர்த்துமாறு வற்புறுத்தல் வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளையேனும் வினாவும் புள்ளியுமின்றி ஆசிரியர் உரக்க வாசித்துக்காட்டுவதற்கு ஒதுக்கப்படல் வேண்டும். சுருட்டுக் கொட்டிலில் சாத்தியமானது வகுப்பறையிற் சாத்தியமாகாதா? எழுத்தாளர் தம் ஆற்றலின் சிறந்த பகுதியைப் பிள்ளைகளுக்கு வழங்குதல் வேண்டும்.

அப்பிள்ளை தான் விரும்பிய நூலைத் தெரிந்தெடுக்கட்டும், விரும்பாததைப் பாதியில் மூடிவைக்கட்டும், பயனின்றிச் சிரிக்கட்டும். பயனற்றதுபோலத் தோன்றும் அச்சிரிப்பு நூற்றாண்டுகளாக நமது பிள்ளைகளிற் பெரும்பாலோர்க்கு மறுக்கப்பட்டுவந்த செல்வமாகும். அதனை அவர்க்கு உரிமையாக்குதல் கல்விப் பிரச்சினை மட்டுமன்று. சமூக மாற்றத்திற்கான போராட்டத்தின் ஒரு கூறுமாகும்.