முளையத்தின் ஆணையும் புற்றுநோயின் பயணமும்

வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதித் தமிழ் இல்லங்களில் மங்கல நாளன்று வெற்றிலைத் தட்டம் வைப்பது நெடுநாள் வழக்கம். விருந்து முடிந்தபின் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும், சிலருக்குப் புகையிலையும் வேண்டும். இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாயையும் அதனை அடுத்த தொண்டைப் பகுதியையும் பற்றுவதே என்பதை இத்துடன் சேர்த்து எண்ணுதல் தகும்.

1933ஆம் ஆண்டிலேயே ஐ. எம். ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோர்க்கு உண்டாகும் வாய்ப்புற்றினைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார். யாழ்ப்பாணத்துப் புகையிலைக்கு நெடுங்காலம் பெருஞ்சந்தையாய் விளங்கியதும் அதே திருவிதாங்கூர்தான்.

வாயிற் புற்று தோன்றிய இடத்திலேயே நிற்குமாயின் மருத்துவர் அதனை வெட்டி அகற்றிவிடலாம். கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளை அது எட்டிய பின்னரே நோயாளியின் நிலை பெரிதும் கவலைக்கிடமாகின்றது. வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் கலங்களோ, சுவரிற் பதித்த செங்கற்களைப் போல் ஒன்றையொன்று பற்றி நிற்பன. இடம்பெயரும் இயல்பு அவற்றிற்கு இல்லை. அங்ஙனமாயின், அவற்றுட் சில பிணைப்பை அறுத்து நடக்கக் கற்றது எவ்வாறு?

கருவிலே உருவாகும் உடலுக்கும் புற்றுக்கும் உறவுண்டு என்னும் ஐயம் பழமையானது. முளையப் பருவத்தில் பயன்படாது எஞ்சிய கலங்களே பிற்காலத்திற் கட்டிகளாக வளர்கின்றன என்று, 1870களில் ஜெர்மனிய அறிஞர் யூலியசு கோன்ஹைம் கருதினார். அவர் கொள்கை பெரும்பாலான புற்றுகளுக்குப் பொருந்தவில்லை. அறிஞர் அதனை ஒதுக்கினர். 1889இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, புற்றை விதைக்கும் அது சென்று தங்கும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். விதை செடியைவிட்டு எங்ஙனம் பிரிந்தது என்பது அப்போதும் விளங்கவில்லை.

விடை வந்த வழி எவரும் எதிர்பாராதது. பழ ஈயின் முளையத்தை ஹைடல்பேர்க் நகரில் ஆராய்ந்த கிறிஸ்டியான நியூஸ்லைன்-போல்ஹார்ட், எரிக் வீஷவுஸ் ஆகிய இருவரும் 'ட்விஸ்ட்', 'ஸ்நெயில்' முதலிய பரம்பரையலகுகளுக்கு வழிகாட்டினர். 1995இல் நோபல் பரிசும் பெற்றனர். அவ்வலகுகள் ஆக்கும் புரதங்கள் டி.என்.ஏ. மீது அமர்ந்து, எந்த அலகு படியெடுக்கப்படவேண்டும், எது வாளாவிருக்கவேண்டும் என்று ஆணையிடுவன. அவ்வாணை இல்லையேல் முளையத்தின் மேற்புறக் கலங்கள் உட்சென்று தசையாக மாறா. முதுகெலும்புள்ள உயிர்களிலும் இவ்வினப் புரதங்கள் உண்டு. கோழி முளையத்தில் நரம்புப் பகுதியினின்று கலங்கள் விலகிச் செல்வதற்கு இவற்றுள் ஒன்று வேண்டும் என்பதை 1994இல் ஏஞ்செலா நியெத்தோவும் உடனாய்வாளரும் காட்டினர்.

முளையம் வளர்ந்ததும் இவ்வாணைகள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. புற்றுக்கலம் அவற்றை மீண்டும் எழுப்புகின்றது. கலங்களை ஒட்டவைக்கும் ஈ-கடேரின் என்னும் புரதத்தின் ஆக்கத்தை ஸ்நெயில் நிறுத்துகின்றது என்று 2000ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வுக்குழுக்கள் இரண்டு கண்டன. 2004இல் ஜிங் யாங், ராபர்ட் வைன்பேர்க் முதலியோர் எலியின் மார்பகப் புற்றில் ட்விஸ்டை அடக்கினர். நுரையீரலுக்குப் புற்று பரவுவது குறைந்தது. கோன்ஹைம் தேடியது முளையத்தின் எச்சக் கலங்களை. எஞ்சியிருந்ததோ அதன் கட்டளைகள். அவர் பாதிவழி வந்தவரே எனலாம்.

ஆயினும் கதை அவ்வளவு நேரானதன்று. சென்ற இடத்தில் கலம் குடியமர்ந்து பெருகவேண்டுமாயின் ட்விஸ்ட் மறுபடி அடங்கவேண்டும் என்று 2012இல் எலித் தோற்புற்று ஆய்வு காட்டிற்று. 2015இல் வெளிவந்த வேறு எலி ஆய்வுகளோ, இம்மாற்றம் இன்றியே புற்று பரவக்கூடும் என்று வாதிட்டன. அவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

வெற்றிலைத் தட்டத்திற்கும் இதற்கும் தொடர்பு இல்லாமலில்லை. பாக்கிலுள்ள அரெகோலின் என்னும் பொருள், கன்னத்தின் உட்திசுக் கலங்களில் ட்விஸ்டை மிகுவிக்கின்றது எனத் தைவான் ஆய்வாளர் கண்டுள்ளனர். கன்னம் விறைத்து, வாய் திறக்க இயலாது போகும் நோய்க்கு அது துணைபோகின்றது. அந்நோயுற்றோர் சிலருக்குப் பின்னர்ப் புற்றும் தோன்றுவதுண்டு. புகையிலை சேராத பாக்கும் புற்றை விளைப்பதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்தது.

இவ்வாணைப் புரதங்கள் கலத்தின் உட்கருவுக்குள் மறைந்து தொழிற்படுவதால், அவற்றை நேரே தாக்கும் மருந்து செய்வது அரிதாகவே உள்ளது. ஆதலால் வாய்ப்புற்றை ஐயுறும் மருத்துவர், புண்ணைப் பார்த்தபின் தாடையின் கீழும் கழுத்திலும் விரல்களால் அழுத்தி முடிச்சுகளைத் தேடுகின்றார். அக்கலங்கள் நடக்கத் தொடங்கிவிட்டனவா என்பதை அறிய அவர் முதலிற் செய்வது இன்றும் அதுவே.