ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் ஒரு திமிங்கலமும்

மக்களே, இன்னைக்கு மருந்து, மாத்திரை, சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. கார் கியர்பாக்ஸ் பற்றி ஒரு நீளமான இழை. டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. பாதி படிச்சதும் நீங்களே சொல்லிடுவீங்க, இது நம்ம ஓபி கதைதான்னு.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு. D போட்டால் வண்டி இரண்டு நொடி யோசித்துவிட்டு நகர்கிறது. கியர் மாறும்போது உதறுகிறது. ஒருநாள் ரிவர்ஸே எடுக்கவில்லை. "கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கணும்" என்ற ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது. நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது போல. ஆனால் இந்தக் கருவி பிறந்த அமெரிக்காவில் இரண்டு மூன்று தலைமுறை மக்கள் வீட்டு வாசலிலேயே பானெட்டைத் திறந்து, ஒரு குச்சியை உருவி, அதன் நிறத்தையும் வாசனையையும் வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் குச்சியில் ஒட்டியிருந்த சிவப்பு எண்ணெயின் வரலாறுதான் இந்த இழை.

முதலில் கொஞ்சம் உடற்கூறியல்.

எதிரெதிரே இரண்டு மின்விசிறியை வைத்து, ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்போடு இரும்பு கோக்காமல், எண்ணெய் வழியாகவே சக்தியைக் கடத்தலாம். ஜெர்மனியில் கப்பல் கட்டும் வேலையில் இருந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அவர் நினைத்தது கப்பலுக்கு. அது காருக்கு வர சுமார் 25 வருடம் ஆனது.

ஜெனரல் மோட்டார்ஸில் எர்ல் தாம்சன் தலைமையிலான குழு செய்த 'ஹைட்ராமேட்டிக்' 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்தது. விற்பனைக்கு அறிவித்தது 1939-ல். கூடுதல் விலை 57 டாலர். நாலு கியர், கிளட்ச் பெடல் கிடையாது. கியர் எப்போது மாற வேண்டும் என்பதை எண்ணெயின் அழுத்தமே முடிவு செய்யும். உள்ளே நுண்ணிய வால்வுகளும் குழாய்ப் பாதைகளும் கொண்ட ஒரு தட்டு இருக்கும். அதை வால்வ் பாடி என்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எண்ணெயை வைத்தே யோசித்த மூளை அது.

உடனே இரண்டாம் உலகப் போர் வந்தது. இதே ஹைட்ராமேட்டிக் M5 ஸ்டூவர்ட் டாங்கிக்குள் போனது. இரண்டு கேடிலாக் எஞ்சின், இரண்டு கியர்பாக்ஸ்.

போரிலிருந்து கால் இழந்து திரும்பியவர்களின் கதையை ஒரு டாக்டராக என்னால் கடந்து போக முடியவில்லை. மூன்று பெடல் உள்ள காரை ஒற்றைக் காலோடு எப்படி ஓட்டுவது? ஹைட்ராமேட்டிக் வைத்து, கைக் கட்டுப்பாடுகளையும் சேர்த்து அவர்களுக்கென்றே ஓல்ட்ஸ்மொபைல் 'வேலியன்ட்' என்ற திட்டத்தை நடத்தியது. 1946-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு, கால் இழந்த வீரர்களுக்கு கார் வாங்க 1,600 டாலர் வரை கொடுத்தது. சொகுசுப் பொருள் என்று இன்றும் நாம் நினைக்கும் ஒரு கருவி அவர்களுக்கு வேலைக்குப் போகும் காலாக இருந்தது.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

எஞ்சின் ஆயிலுக்கு முக்கிய வேலை வழுக்குவது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயின் பாடு அப்படி இல்லை. சக்தியைக் கடத்தணும், வால்வுகளுக்கு அழுத்தமா வேலை செய்யணும், பல்சக்கரங்களைக் காக்கணும், சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டு போகணும். இத்தனைக்கும் மேலே, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறியபடியே ஒன்றையொன்று கவ்வ வேண்டும். கவ்வும் முதல் நொடியில் மெதுவாக வழுக்கணும், அப்புறம் விடாமல் பிடிக்கணும். ஒரே திரவம் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். ரத்தத்தைத் தவிர வேறு எந்தத் திரவத்துக்கும் இவ்வளவு வேலை கொடுத்து நான் பார்த்ததில்லை.

1949-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டைப் ஏ' என்ற தரத்தைக் கொண்டுவந்தது. சிவப்புச் சாயம், எஞ்சின் ஆயிலோடு குழம்பாமல் இருக்க. வண்டிக்கு அடியில் தரையில் சிவப்புச் சொட்டு இருந்தால் கசிவு எங்கிருந்து என்று வீட்டுக்காரருக்கே தெரியும்.

வழுக்கிப் பிடிக்கும் அந்த வித்தையை எண்ணெய்க்குக் கொடுத்தது எது? எண்ணெய்த் திமிங்கலம்.

ஆமாம். அம்பர்கிரிஸ் கடத்தினார்கள், இத்தனை கோடி என்று நம் கடலோர மாவட்டங்களிலிருந்து அடிக்கடி செய்தி வருமே, அந்த அம்பர்கிரிஸ் உருவாவது இந்தத் திமிங்கலத்தின் குடலில்தான். இதன் தலைக்குள் வெண்மையான ஒரு திரவம் டன் கணக்கில் இருக்கும். அந்தக் காலத்து மாலுமிகள் அதை விந்து என்று தப்பாக நினைத்ததால்தான் ஆங்கிலத்தில் இதற்கு ஸ்பெர்ம் வேல் என்று பெயர். (உடற்கூறியல் தெரியாத ஊரில் பெயர் வைத்தால் இப்படித்தான்.) வேதியியல்படி அது எண்ணெயே அல்ல, பெரும்பகுதி திரவ மெழுகு. சூட்டிலும் அழுத்தத்திலும் சீக்கிரம் சிதையாது. இரும்பின் மேல் மெல்லிய படலமாக ஒட்டி நிற்கும். கந்தகத்தோடு சேர்த்துப் பதப்படுத்தி கியர்பாக்ஸ் எண்ணெயில் கொஞ்சம் கலந்தால் போதும். 1967-ல் வந்த 'டெக்ஸ்ரான்' எண்ணெயிலும் அது இருந்தது. நிலவுக்கு மனிதன் கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில், புதுப் பளபளப்பான அமெரிக்கக் காரின் வயிற்றில் ஆழ்கடல் திமிங்கலம் ஓடிக்கொண்டிருந்தது.

1970-ல் அமெரிக்கா இந்தத் திமிங்கலத்தை அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்த்தது. திமிங்கல எண்ணெய் இறக்குமதிக்குக் கதவு மூடியது. 1972-ல் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம், 1973-ல் அழியும் நிலை உயிரினங்கள் சட்டம் வந்தன. சரியான முடிவு. எனக்கு அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பல வருடம் ஒரே மாத்திரை சாப்பிட்ட நோயாளிக்கு அதை நிறுத்திவிட்டு வேறு ஒன்றைக் கொடுத்தால் என்ன ஆகும்? சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்குப் பக்கவிளைவு வரும். திமிங்கலம் இல்லாமல் வந்த 'டெக்ஸ்ரான் 2' எண்ணெயின் முதல் வடிவத்தில் இருந்த புதுச் சேர்மானம், ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானின் ஈயப் பற்றவைப்பை அரித்தது. பிறகு அரிப்புத் தடுப்பானைச் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள்.

அரித்தால் என்ன? குளிர்விப்பான் ரேடியேட்டர் தண்ணீருக்குள் முங்கித்தான் இருக்கும். நடுவில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் எண்ணெயில் கலக்கும். குச்சியை உருவினால் சிவப்புக்குப் பதில் ரோஸ் மில்க் நிறம் வரும். இந்த நிறத்தைப் பார்த்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். கிளட்ச் தட்டின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் போன்ற ஒரு பொருள். தண்ணீர் பட்டால் ஊறி, பசை விட்டு உரிந்துவிடும்.

திமிங்கலத்துக்குப் பதில் ஆள் தேடியபோது பாலைவனச் செடி ஒன்றும் நேர்முகத் தேர்வுக்கு வந்தது. அரிசோனா, மெக்சிகோ பக்கம் வளரும் ஜோஜோபா. அதன் விதையிலும் இதே மாதிரி திரவ மெழுகுதான். 1975-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் அதைப் பற்றி ஓர் அறிக்கையே போட்டது. விலை கட்டுப்படி ஆகாததால் அது பெரும்பாலும் ஷாம்புக்கும் முகக் கிரீமுக்கும் போய்விட்டது. கியர்பாக்ஸ் வேலையைச் செயற்கைச் சேர்மானங்கள் எடுத்துக்கொண்டன.

இதே காலத்தில் இன்னொரு குழப்பம். ஃபோர்டு நிறுவனம் 1967-ல் 'டைப் எஃப்' என்று தனி எண்ணெய் கொண்டுவந்தது. அதில் வழுக்கும் சேர்மானம் கிடையாது, வெடுக்கென்று பிடிக்கும். அதற்கேற்ற தட்டுகள் ஃபோர்டு காரில். இரண்டும் சிவப்பு, பார்க்க ஒரே மாதிரி. ஃபோர்டில் டெக்ஸ்ரான் ஊற்றினால் கிளட்ச் நழுவும். ஜெனரல் மோட்டார்ஸ் காரில் டைப் எஃப் ஊற்றினால் ஒவ்வொரு கியருக்கும் உதைக்கும். ஏ குரூப்காரருக்கு பி ரத்தம் ஏற்றிய கதைதான். இன்றும் வீட்டில் நடக்கும் முதல் தப்பு இதுவே: "ரெட் ஆயில்தானே, எதுவா இருந்தா என்ன?" சிவிடி கியர்பாக்ஸில் சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெயை ஊற்றினால் அதற்குள் இருக்கும் இரும்புப் பட்டை வழுக்கி, சில நாளில் மொத்தமும் கெடும். வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன எழுதியிருக்கோ அது மட்டும்.

இப்போ அந்தக் கால வீட்டு வைத்தியர்கள் எப்படி நோய் கண்டுபிடித்தார்கள் என்று பார்ப்போம்.

சமதரையில் நிறுத்தி, கொஞ்ச தூரம் ஓட்டி சூடானபின், பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே குச்சியை உருவுவார்கள். தெளிந்த சிவப்பு என்றால் நல்லது. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுப்பாகி, கருகிய ரொட்டி வாசனை வந்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது, எண்ணெய் மாற்றி இனிப் பயனில்லை. நுரை என்றால் அளவு கூடியிருக்கலாம். அடித்தட்டைக் கழற்றினால் அங்கே ஒரு காந்தம் இருக்கும். அதில் மை போலச் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லு இருந்தால்தான் கவலை.

எனக்கு ரொம்பப் பிடித்த கேஸ் ஒன்று உண்டு. எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை. கியர் தாமதமாக, உதைத்து மாறுகிறது. ரத்தசோகையோடு வருபவருக்கு வெளியே எங்கும் ரத்தம் போகவில்லை என்றால் நாங்கள் குடலைப் பார்ப்போம் இல்லையா? அதேதான். அக்காலக் கியர்பாக்ஸ் பலவற்றில், டப்பா போல வெளியே ஒட்டிய வேக்யூம் மாடுலேட்டர் என்ற பாகம் இருக்கும். எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று கியர்பாக்ஸுக்குச் சொல்வது அதன் வேலை. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால், எஞ்சின் அந்த ரப்பர் குழாய் வழியே எண்ணெயை உறிஞ்சி எரித்துவிடும். குழாயைப் பிடுங்கிப் பார்த்தால் போதும். உள்ளே சிவப்பு ஈரம் இருந்தால் நோய் அதுதான். மாற்ற சில நிமிடம், கழற்ற ஒன்றிரண்டு போல்ட். இதைப் பார்க்காமல் கியர்பாக்ஸையே இறக்கியவர்கள் எத்தனை பேரோ.

இன்னொன்று, கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட் மாதிரியானவற்றில் உள்ளே ஒரு இரும்புப் பட்டை டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும். அது தளர்ந்தால் வெளியில் இருக்கும் திருகைக் குறிப்பிட்ட அளவு இறுக்கி, பிறகு இரண்டு இரண்டரைச் சுற்று தளர்த்திப் பூட்டுவார்கள். அவ்வளவுதான் சிகிச்சை.

ஆனால் வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன் இதைப் படிங்க. ஹைட்ராமேட்டிக்கில் கியர் வரிசை N, D, L, அதற்குக் கீழே R. முன்னால் போகும் கியரும் பின்னால் போகும் கியரும் பக்கத்துப் பக்கத்து வீடு. L போட நினைத்து R போட்டு ஆள் மேல் ஏற்றியவர்கள் உண்டு. ரால்ஃப் நாடர் 1965-ல் எழுதிய புத்தகத்தில் இதை வெளுத்து வாங்கினார். அதன்பின் அமெரிக்க அரசு 1968 மாடலிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் நியூட்ரல் கட்டாயம் என்றது. நாம் இன்று பார்க்கும் P, R, N, D வரிசைக்குப் பின்னால் இந்த ரத்தம் இருக்கிறது. அதோடு முடியவில்லை. 1966 முதல் 1980 வரை வந்த ஃபோர்டு கார்கள் பல, P-யில் நிறுத்தியதாக நினைத்த நேரத்தில் தானே ரிவர்ஸில் விழுந்து நகர்ந்ததாகப் புகார்கள் குவிந்தன, மரணங்களும் சேர்த்து. கடைசியில் அரசோடு ஏற்பட்ட உடன்பாடு என்ன தெரியுமா? சுமார் 2.3 கோடி கார் உரிமையாளர்களுக்குத் தபாலில் ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கர். எனக்கு இன்றும் ஆறவில்லை. வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்க வேண்டும். நீங்கள் P-யை மட்டும் நம்பாதீர்கள். ஹேண்ட் பிரேக் போடுங்க, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்க, ஜாக்கி மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீங்க.

1996-லிருந்து அமெரிக்கக் கார்களில் ஓபிடி 2 கட்டாயமானது. இப்போது குச்சிக்குப் பதில் ஸ்கேனர். P0700 என்று ஒரு கோட் வரும். அதைப் பார்த்து கியர்பாக்ஸ் போச்சு என்று முடிவு கட்டுவது, தெர்மாமீட்டர் 101 காட்டியதும் டைபாய்டு என்று எழுதுவது மாதிரி. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஏதோ குறை இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். என்ன குறை என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குள் வேறு கோடாகப் பதிந்திருக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பல நேரம் அது ஒரு சென்சாராகவோ சொலினாய்டாகவோ ஒயர் இணைப்பாகவோ இருக்கும்.

எண்ணெய் மாற்றியதும் கியர்பாக்ஸ் செத்துவிட்டது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் உண்டு. என் பார்வையில் அது, கடைசிக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டு "நல்லாத்தான் இருந்தாரு, இங்க வந்ததும் போயிட்டாரு" என்பது. நழுவ ஆரம்பித்த பிறகுதானே பெரும்பாலும் எண்ணெய் மாற்றவே யோசிக்கிறோம்?

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2014-ல் மாருதி செலேரியோவோடு பரவிய ஏஎம்டி இந்தக் குடும்பமே இல்லை. அது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது. அதில் D போட்டதும் உதறினால் திமிங்கலக் கதை எதுவும் உதவாது, கிளட்ச் தட்டைப் பாருங்க. உங்களுடையது எது, ஏஎம்டியா, சிவிடியா, டார்க் கன்வர்ட்டரா? இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டாஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. எண்ணெயின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க. பல புது வண்டிகளில் குச்சியே கிடையாது.