எல்கேஜி, யூகேஜியில் வரும் 'கேஜி' ஒரு தோட்டம்! வசந்தம் வந்ததும் காட்டுக்குப் போகும் ஜெர்மனி மழலைகள்

ஏப்ரல் மாதக் காலை, எட்டரை மணி. வெப்பநிலை 6 டிகிரிதான், லேசான தூறல் வேற. இந்த நேரத்தில் ஜெர்மனியில் காட்டோரமாக நடந்து போனால், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் ரப்பர் பூட்ஸும் தண்ணீர் புகாத பேன்ட்டும் போட்டுக்கொண்டு, முதுகில் குட்டிப் பையோடு மரங்களுக்குள் போவதைப் பார்க்கலாம். சுற்றுலா கிடையாது. அவர்களுக்குப் பள்ளியே அதுதான். மதியம் வரை அங்கேயேதான் இருப்பார்கள்.

இந்தக் குளிரில் பிஞ்சுகளை வெளியே விடுவாங்களா என்று தோன்றலாம். விடுகிறார்கள். காட்டுப் பள்ளிகள் மட்டுமல்ல, கட்டடத்துக்குள் நடக்கும் சாதாரண மழலையர் பள்ளிகளும் மார்ச் முதல் மே வரையிலான வசந்தகாலத்தில் பிள்ளைகளை முடிந்தவரை வெளியே கூட்டிப் போகின்றன. அங்கே என்ன படிக்கிறார்கள்? ஆபத்து இல்லையா?

'கேஜி' எங்கிருந்து வந்தது?

எல்கேஜி, யூகேஜி என்று தினமும் சொல்கிறோமே, அதில் உள்ள 'கேஜி' என்பது 'கிண்டர்கார்டன்' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். 'கிண்டர்' என்றால் குழந்தைகள், 'கார்டன்' என்றால் தோட்டம்.

இந்தப் பெயரை வைத்தவர் ஃப்ரீட்ரிஹ் ஃப்ரோபெல். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான கல்வி முயற்சியைத் தொடங்கினார். 1840-ல் அதற்கு கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். அவர் சொன்ன தோட்டம் வெறும் உவமை இல்லை. நிஜமாகவே மண்ணும் பாத்தியும் உள்ள தோட்டம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சின்னப் பாத்தி, அதைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். தன் பாத்தியில் என்ன வேண்டுமானாலும் நடலாம். தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடும், அதையும் அந்தக் குழந்தையே பார்க்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை போட்டது. நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புகிறதாம்! ஃப்ரோபெலின் அண்ணன் மகன் எழுதியதை இவர் எழுதியதாக நினைத்துச் செய்த குழப்பமும் அதற்கு ஒரு காரணம். அடுத்த ஆண்டே ஃப்ரோபெல் இறந்துவிட்டார். தடை நீங்கியது 1860-ல்.

காலண்டரில் இல்லாத வசந்தம்

ஜெர்மனியின் வடக்கு எல்லையில் இருக்கும் ஃப்ளென்ஸ்பர்க் நகரத்தில் டிசம்பர் மாதப் பகல் ஏழு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். குழந்தைகள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் இருட்டு, சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் மறுபடி இருட்டு. அப்படிப்பட்ட சில மாதங்கள் கழித்து வருவதால்தான் அங்கே வசந்தத்துக்கு இத்தனை மவுசு.

அந்த வசந்தம் எப்போது தொடங்குகிறது என்று பார்க்க அங்கே செடிகளையும் கவனிக்கிறார்கள். ஜெர்மன் வானிலைத் துறையே அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஹேசல் மரம் பூத்தால் முன்வசந்தம். ஃபோர்சித்தியா என்ற செடி மஞ்சளாகப் பூத்தால் முதல் வசந்தம். ஆப்பிள் மரம் பூத்தால் முழு வசந்தம். ஆண்டை இப்படி 10 பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள்.

மழலையர் பள்ளிக்கு இது தேடாமலே கிடைத்த பாடத்திட்டம். நாலு வயசுக் குழந்தைக்கு 'மார்ச் 21' என்றால் ஒன்றும் புரியாது. போன வாரம் மொட்டாக இருந்தது இன்றைக்கு மஞ்சளாகிவிட்டது என்றால் புரியும். அதே மரத்தை வாராவாரம் போய்ப் பார்ப்பது, இலை எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்று விரலை வைத்து அளப்பது, பார்த்ததை வரைவது என்று இரண்டு மாதத்துக்கு வேலை இருக்கிறது.

காட்டுக்குள் ஒரு பள்ளி

கட்டடமே இல்லாத காட்டு மழலையர் பள்ளி டென்மார்க்கில் 1950-களில் உருவானது. ஜெர்மனியில் அரசு அங்கீகாரத்தோடு இது 1993-ல் ஃப்ளென்ஸ்பர்க்கில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டுப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலான ஜெர்மன் குழந்தைகள் படிப்பது சாதாரண மழலையர் பள்ளியில்தான். அவர்களில் பலருக்கு வாரத்தில் ஒரு நாள், அல்லது வசந்தத்தில் ஒரு முழு வாரம், காடு கிடைக்கிறது.

காட்டுப் பள்ளியின் சொத்து என்று பார்த்தால் சக்கரம் வைத்த ஒரு மரக்கூண்டு வண்டி. கடும் குளிரில் ஒதுங்குவதற்கும், மாற்று உடுப்பு வைப்பதற்கும் அதுதான் இடம். வழக்கமாக 20 பேர் வரை ஒரு குழு, குறைந்தது இரண்டு ஆசிரியர்கள். காலையில் வட்டமாக நின்று, யார் வந்திருக்கிறார்கள் என்று குழந்தைகளே எண்ணுகிறார்கள். பிறகு நடை. வழியில் குறிப்பிட்ட மரங்கள்தான் நிறுத்தங்கள். முன்னால் ஓடுகிற பிள்ளை அந்த மரத்தடியில் நின்று மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆசிரியர் கண்ணுக்கும் குரலுக்கும் எட்டாத தூரம் போகக் கூடாது. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது. கத்தியால் குச்சி சீவ ஆசையா, சீவலாம், ஆனால் உட்கார்ந்துதான்.

பொம்மை எதுவும் கிடையாது. விழுந்த மரம் ஒரு நாள் கப்பல், இன்னொரு நாள் கடை. ஐந்து கூம்புக்காய் கொடுத்தால் ஒரு இலைத் தட்டு என்று பேரம் நடக்கிறது. கூட்டல் கழித்தல் அங்கேயே வந்துவிடுகிறது. நீளமான கட்டையை இரண்டு பேரால் தூக்க முடியவில்லை என்றால் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும், அதற்குப் பேசியாக வேண்டும்.

குளத்தில் தவளை முட்டை மிதப்பதும் இந்தப் பருவத்தில்தான். முன்பு அதைக் கண்ணாடிக் குடுவையில் அள்ளி வந்து, வகுப்பில் தலைப்பிரட்டை வளர்ப்பது வழக்கம். இப்போது அனுமதி இல்லாமல் அள்ள முடியாது. தவளை, தேரை இனங்கள் அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அதனால் குழந்தைகள் குளத்தங்கரைக்கே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள். கால் முளைத்துவிட்டதா என்று பார்க்க மறுபடி நடக்க வேண்டியிருக்கிறது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

2020-ல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்று பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 10 மழலையர் காப்பகங்களில் 3 முதல் 5 வயதுள்ள 75 குழந்தைகளைக் கவனித்தார்கள். சில காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்தரையையும் கொண்டுவந்து போட்டு, குழந்தைகளை அதில் விளையாட விட்டார்கள். 28 நாள்தான். அதற்குள் அந்தக் குழந்தைகளின் தோலில் இருந்த நுண்ணுயிர்களின் வகை கூடியிருந்தது. ரத்தத்தில் நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சீராக வைக்கும் அறிகுறிகளும் தெரிந்தன. இதனால் அலர்ஜி குறையுமா என்பதை அந்தச் சிறிய ஆய்வு நிரூபிக்கவில்லை.

கண்ணைப் பற்றிய ஆதாரம் இதைவிட வலுவானது. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் தினமும் கூடுதலாக 40 நிமிட வெளிப்புற வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல உள்ளே இருந்தவர்களில் அது 39.5 சதவீதம். முடிவு வெளியானது 2015-ல். இவர்கள் கேஜி குழந்தைகளைவிடச் சற்றுப் பெரியவர்கள். ஆனால் கண் வளர்கிற வயசு என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

உண்ணிதான் பெரிய தலைவலி

ஜெர்மனியில் பெற்றோர் அதிகம் பயப்படுவது பாம்புக்கோ ஓநாய்க்கோ இல்லை. எள்ளு அளவே இருக்கும் உண்ணிக்கு. வெப்பநிலை 7 டிகிரியைத் தாண்டினாலே அது சுறுசுறுப்பாகிவிடும். குழந்தைகள் வெளியே கிளம்புகிற அதே நேரம்.

அது இரண்டு நோய்களைப் பரப்புகிறது. ஒன்று, வைரஸால் வரும் உண்ணி மூளைக்காய்ச்சல். நாட்டின் தெற்கே பவேரியா, பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலங்களில் இதன் அபாயம் அதிகம். உண்ணி கடித்தவுடனேயே எச்சில் வழியாக வைரஸ் உள்ளே போய்விடும் என்பதால், கடித்த பிறகு அவசரப்பட்டுப் பயனில்லை. ஆனால் இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஒரு வயது முதல் போடலாம். இன்னொன்று, பாக்டீரியாவால் வரும் லைம் நோய். இது நாடு முழுக்க இருக்கிறது. இங்கே நிலைமை நேர் எதிர். தடுப்பூசி பயன்பாட்டில் இல்லை. ஆனால் உண்ணி பல மணி நேரம் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் பொதுவாகத் தொற்று பரவும். சீக்கிரம் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

அதனால்தான் அடிக்கிற வெயிலிலும் முழுக்கால் பேன்ட், அதன் முனையைச் சாக்ஸுக்குள் செருகல். உண்ணியை ஆசிரியரே எடுக்கலாமா, பெற்றோர் வந்துதான் எடுக்க வேண்டுமா என்று பல பள்ளிகள் சேர்க்கையின்போதே கையெழுத்து வாங்கிவிடுகின்றன. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காது மடல், முடியின் ஓரம் என்று தினமும் ஒரு தேடல். இதைச் செய்ய நேரமில்லாத குடும்பத்துக்குக் காட்டுப் பள்ளி ஒத்துவராது, உண்மை அதுதான்.

இன்னொரு விதி: காட்டில் கிடைக்கும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பழமோ இலையோ, கைகூடக் கழுவாமல் வாய்க்குப் போகக் கூடாது. நரியின் கழிவு வழியாகப் பரவும் ஒரு நாடாப்புழு கல்லீரலைத் தாக்கும் என்பது ஒரு காரணம். வசந்தத்தில் தளிர்க்கும், சமையலுக்குப் பயன்படும் காட்டுப் பூண்டு இலையும், பள்ளத்தாக்கு லில்லியின் விஷ இலையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பது இன்னொன்று. பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் காடு கிடையவே கிடையாது. கிளை முறிந்து விழும். அன்றைக்குக் குழு வேறு ஏதாவது கூரைக்குக் கீழே போய்விடும்.

காடு இல்லாத பள்ளி என்ன செய்கிறது?

நகர நடுவில் இருக்கும் பள்ளிகளுக்கு ஜன்னல் விளிம்பே போதும். ஈரப் பஞ்சில் கிரெஸ் என்ற சிறு கீரையின் விதையைத் தூவினால் இரண்டு மூன்று நாளில் முளைக்கும், ஒரு வாரத்தில் கத்தரித்து வெண்ணெய் தடவிய ரொட்டியில் போட்டுச் சாப்பிடலாம். நாலு வயசுப் பொறுமைக்கு ஏற்ற பயிர். ஏப்ரலில் முற்றத்துப் பாத்தியில் சிறு சிவப்பு முள்ளங்கி விதைக்கிறார்கள். அது பிடுங்குகிற அளவுக்கு வர நான்கைந்து வாரம் ஆகும். அதற்குள் ஓடில்லா நத்தை வந்து பாதியைத் தின்றுவிட்டுப் போவதும் உண்டு.

பீன்ஸும் பூசணியும் மட்டும் இன்னும் உள்ளே, தொட்டியில்தான் இருக்கும். மே 11 முதல் 15 வரையிலான நாட்களுக்கு அங்கே 'பனிப் புனிதர்கள்' என்று பெயர். அதுவரை இரவில் உறைபனி விழலாம் என்பது ஊர்வழி நம்பிக்கை. 15-ம் தேதி கழிந்ததும் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் முற்றத்துக்கு வருகிறார்கள்.