கப்பலேறாத ஒருவரின் பெயர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஓர் அம்மையார் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரே ஒரு நகல் தாள். அதில் ஒரே ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, டாணா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம். அவருடைய பூட்டனைப் பற்றி எழுத்தில் இருப்பதெல்லாம் அந்த வரிதான். வருவாய்த் துறையில் நெடுங்காலம் பழைய ஊர்க்கணக்குகளோடு புழங்கியவன் என்று யாரோ சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்கள். ஊரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனிலுள்ள நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த அந்த ஏற்பாடு 1866-இல் நின்று, 1874-இல் மறுபடி தொடங்கி, 1911-இல் முடிவுக்கு வந்தது. அதற்குள் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள், தமிழரும் தெலுங்கருமாக. தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் கிராமத்து முதியவர்கள் சொல்லும் 1876–78 பஞ்சமும் இந்தக் காலத்துக்குள்தான் வருகிறது.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கைக்குழந்தைக்கும் தனி எண். பின்னால் நேட்டாலில் பிறந்த பிள்ளையின் பதிவானாலும், கல்யாணப் பதிவானாலும், தோட்ட முதலாளியின் மேல் கொடுத்த புகாரானாலும் அந்த எண் கூடவே வரும். ஆகவே வம்சம் தேடுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது பெயரை அல்ல, எண்ணை. எண்ணைத் தொலைத்த குடும்பங்களுக்கும் வழி உண்டு. அங்கே ஒருவர் இறந்தால் சொத்துக் கணக்குக்காக எழுதும் மரண அறிவிப்பில் தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்கப்படும். அந்தத் தாள்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக உள்ளன. கப்பல் பட்டியல்களை டர்பனிலுள்ள காந்தி–லுதூலி ஆவண மையத்தின் வழியாகப் பார்க்கலாம். மொரீஷியசுக்குப் போனவர்களின் வாரிசுகள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பலருடைய புகைப்படமே இருக்கிறது.

நம் ஊர்க் கணக்கிலேயே தேடினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். இதற்கு நான் தயங்காமல் பதில் சொல்வேன். நம் ஊர்க் கணக்கு நிலத்தின் கணக்கு. ரயத்துவாரி முறையில் பட்டா யார் பேரில் இருந்ததோ அவர் பெயர் சிட்டாவிலும் அ-பதிவேட்டிலும் ஏறும். இனாம் நிலம் வைத்திருந்தவர்களின் பெயர் இனாம் கமிஷன் பதிவேடுகளில் தலைமுறை வாரியாகவே வரும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தால் அவர்களுக்கெல்லாம் பாட்டன், பூட்டன், ஓட்டன் வரை எடுத்துவிடலாம். ஆனால் அந்த நிலத்தில் ஏர் பிடித்த படியாளின் பெயர் அந்த ஏடுகளில் எங்கே இருக்கிறது? செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதிய பிறகு, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்க அரசு ஆணையிட்டது. அதற்கு முன் கப்பலேறிய நிலமற்ற மனிதருக்கு, அவர் பிறந்த மண்ணில் எழுத்துச் சாட்சி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வேலைக்கு ஆள் எண்ண எழுதிய அந்தக் கப்பல் பட்டியலில்தான், பல குடும்பங்களில் முதல் முதலாக, தகப்பன் பெயர் எழுத்தில் ஏறியது. அந்தத் தகப்பன் ஊரிலேயே இருந்து ஊரிலேயே மாண்டவர். மகன் கப்பலேறியதால் அவர் பெயர் பிழைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் அழுத்தமான உண்மை. நம் வீடுகளில் வம்சம் சொல்லச் சொன்னால் ஆண் வரிசையைத்தான் சொல்கிறோம். பாட்டியைப் பெற்றவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது. கப்பல் பட்டியலில் பெண்ணுக்குத் தன் எண், தன் ஊர், பெரும்பாலும் தன் தகப்பன் பெயரும் உண்டு. பின்னால் அவர்களுடைய கல்யாணங்களே செல்லாது என்ற நிலை வந்தது. கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணம் சட்டப்படி திருமணமாகாது என்று 1913 மார்ச்சில் கேப் மாகாணத்து நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்தார். காந்தி அங்கே நடத்திய சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு அது ஒரு பெருங்காரணம். குடியேறிய இந்தியர்களுக்கென நேட்டாலில் இருந்த அரசுக் காப்பாளர் அலுவலகத்தில் எழுதிய பழைய கல்யாணப் பதிவுகளைப் படிக்கிறவர்கள் அந்தக் கொதிப்பையும் மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இனி பெயர்களுக்கு வருகிறேன். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பிடித்தவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். குப்புசாமி ‘கூப்பூசாமி’ ஆனார், முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். முதலியார் ‘மூட்லி’, கவுண்டர் ‘கோவெண்டர்’, பத்தர் ‘பாதர்’. இன்றைக்கு டர்பன் கடைத்தெருவில் பெயர்ப் பலகைகளைப் பார்த்தால் பாதித் தமிழ்நாடு அங்கே வேற்றுடையில் நிற்பதுபோல் இருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்குக் கிடையாது. அவரவர் பெயர், தகப்பன் பெயர், அவ்வளவுதான். அங்கே குடும்பப் பெயர் கேட்டார்கள். சிலர் சாதிப் பெயரைச் சொன்னார்கள். சிலர் தகப்பன் பெயரைச் சொன்னார்கள், அதுவே நான்கைந்து தலைமுறைக்கும் நிலைத்துவிட்டது. ஊரில் தன்னை ஒடுக்கிய அடையாளத்தைக் கடலில் விட்டுவிட்டு வேறு பெயர் சொன்னவர்களும் உண்டு. அதை நான் குறையாக எண்ணமாட்டேன். ஆகவே இன்றைய குடும்பப் பெயரை வைத்துச் சாதியையோ ஊரையோ முடிவு கட்டுவது தவறு.

ஊர்ப் பெயரில்தான் பெரும் சிக்கல். அம்மையார் கொண்டுவந்த தாளில் ஜில்லா வட ஆர்க்காடு. ஊர் ‘புட்டூர்’ என்று படிக்கும்படி இருந்தது. அது புதூரா, புத்தூரா, பட்டூரா? புதூர் இல்லாத வட்டமே தமிழ்நாட்டில் இல்லை. அன்றைய வட ஆர்க்காடும் இன்று ஒரே மாவட்டம் அல்ல. 1911-இல் சித்தூர் தனியாகப் பிரிந்து இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. எஞ்சியது 1989-இல் இரண்டானது: ஒன்று இன்றைய திருவண்ணாமலை, மற்றது பின்னர் வேலூர் என்று பெயர் மாறியது. வேலூரிலிருந்து 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஜில்லாவை மட்டும் நம்பிக் கிளம்பினால் இரண்டு மாநிலம் சுற்ற வேண்டியதுதான். கைகொடுப்பது டாணா என்ற கட்டம். டாணா என்றால் காவல் நிலையம். டாணாக்காரன் என்று போலீஸ்காரரைச் சொல்வது நம் வழக்கில் இருந்ததுதானே? அந்தக் கட்டத்தில் போளூர் என்று இருந்தது. பழைய வட்ட வரைபடத்தை விரித்துப் பார்த்ததில் இரண்டு ஊர்கள் மிஞ்சின.

இரண்டில் எது என்று காகிதம் சொல்லவில்லை. “வீட்டில் ஏதாவது சொல்வார்களா?” என்று கேட்டேன். பாட்டி திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பார், தாத்தா கூத்தில் வேஷம் கட்டுவார் என்றார். நேட்டாலில் தெருக்கூத்தை ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று சொல்வார்களாம். திரௌபதி வழிபாடும் பாரதக் கூத்தும் தழைத்த மண் நம் வடமாவட்டங்கள். இரண்டு ஊரில் ஒன்றில் மட்டும் திரௌபதி அம்மன் கோயில் இருந்தது. இது நிரூபணம் ஆகாது என்பதை அவரிடம் தெளிவாகச் சொன்னேன். புரிந்தது என்றார். இரண்டு ஊருக்கும் போவோம் என்றார். போனோம்.

கோயிலுள்ள ஊரில் பூசாரி அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கப்பல் பட்டியலில் நட்சத்திரத்துக்குக் கட்டம் இல்லை. அம்மையார் பூட்டன் பெயரைச் சொல்லாமல், தகப்பன் பெயர்க் கட்டத்தில் இருந்த பெயரைச் சொன்னார். நான்கு தலைமுறையாக அவர்கள் குடும்பப் பெயரும் அதுதான். “கூப்பூசாமி” என்றார். பூசாரிக்கு விளங்கவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். “குப்புசாமியா?” என்று கேட்டுவிட்டு, கற்பூரம் காட்டி, அந்தப் பெயரை அம்மன் முன்னால் உரக்கச் சொன்னார்.

இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள் என்று அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். பூசாரி மறுபடியும் சொன்னார்.